இடுப்பளவு இருபத்தாறு

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உறையைப் பார்த்ததும் பதறிவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். “போன் எதுக்கு இருக்கு இவளுக்கு?” என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கேயே கேட்கிறது. போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள் அண்ணி. ஒரு பக்கம் அண்ணன் இருமுவார். இன்னொரு பக்கம் பொடிசு, “அத்தை, எனக்குப் பல்லு விழுந்திடுச்சு” என்று கத்துவாள். சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும். இது உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம்.

நான் முழுகாமல் இருக்கிறேன். பதினாலு வாரம்.

எழுதிவிட்டு இரண்டு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா இருந்திருந்தால் அவளிடம் முதலில் சொல்லியிருப்பேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள்தான், அதனால் உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று நான் தடை போட்டிருப்பதால், லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற இடமெல்லாம் அந்த லிஃப்டிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

தடை எதற்கு என்று கேட்பீர்கள். என் வேலைதான் காரணம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அண்ணனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. “துணிக் கம்பெனியில தைக்கிறா” என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் தைப்பதில்லை, தைத்ததைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு புது மாடலில் சாம்பிள், அதாவது முதல் உடுப்பு, தயாரானதும் அதை என் உடம்பில் மாட்டிப் பார்ப்பார்கள். கையைத் தூக்கு, உட்கார், குனி என்பார்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அளவு போடும் மாஸ்டரம்மா சாக்பீஸால் குறிப்பார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள். ஆகையால் என் உடம்பு மாறவே கூடாது. இடுப்பு இருபத்தாறு அங்குலம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறார். அரை அங்குலம் கூடினால் முகத்தைப் பார்ப்பார். ஒரு அங்குலம் கூடினால் வேறு பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்.

ஆஸ்பத்திரி நர்ஸோ வேறு கதை சொல்கிறார். நாற்பத்தாறு கிலோ என்று எழுதிக்கொண்டு, “உன் உயரத்துக்கு நீ ஏற்கெனவே எடை கம்மி. மத்தவங்களவிட உனக்குக் கூடுதலாவே ஏறணும். பன்னெண்டரை கிலோவாவது ஏறினாத்தான் நான் உன்னை விடுவேன்” என்றார். ஒருத்தர் ஏறக் கூடாது என்கிறார், ஒருத்தர் ஏறு என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன்.

இந்த சீசன் சாம்பிள் முடிய இன்னும் மூன்று மாதம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, பிறகு சேர்த்து வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். “தாய் சாப்பிடலன்னாலும் பிள்ளை தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கும்” என்று எங்கள் சாம்பிள் ரூமில் ஒருத்தி அடித்துச் சொல்கிறாள். உண்மையா அண்ணி?

அண்ணனிடம் பிள்ளை விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். மற்றது நமக்குள் இருக்கட்டும்.

உங்கள்
குச்சி

ஜூன் 17

என் அருமைக் குச்சிக்கு,

உன் கடிதத்தை டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்துதான் படித்தேன். பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் என்னிடம் வண்டி பழகிக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்துத் தான் ஓட்டுகிற லட்சணத்தால்தான் அழுகிறேன் என்று நினைத்து ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். இரண்டு வாரமாக நான் “நிறுத்துங்க” என்று கத்தினால் “ஏன்?” என்று காரணம் கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தானே பிரேக் போட்டார். உன் பிள்ளை பிறக்கும் முன்பே ஒருத்தருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது.

உன் அண்ணனிடம் சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடியும் போய்க் கழுவினார். பொடிசு மட்டும், “குட்டிப் பாப்பா எனக்கு அக்காவா, நான் அதுக்கு அக்காவா?” என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உண்மை இல்லை. பிள்ளை எல்லாவற்றையும் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பது சும்மா பேச்சு. தாயிடம் இருந்தால்தான் பிள்ளைக்கு. இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. என்ன அனுபவம் என்று கேட்காதே, கேட்டதைச் செய்.

பிள்ளை மூன்று கிலோதானே, எதற்குப் பன்னிரண்டரை என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் டாக்டரம்மா விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். நச்சுக்கொடி முக்கால் கிலோ. பனிக்குடத் தண்ணீர் ஒரு கிலோ. கர்ப்பப்பை ஒரு கிலோ. புதிதாக ஊறும் ரத்தம் ஒன்றரை கிலோ. உடம்பில் சேரும் நீர், மார்பு, பால் கொடுக்கிற காலத்துக்கென்று உடம்பு எடுத்து வைக்கும் கொழுப்பு எல்லாம் சேர்ந்து மீதி. “இதுல எதைக் குறைக்கலாம்னு நீயே சொல்லு பார்ப்போம்” என்றார்.

நான் அப்போதே கொஞ்சம் பூசினாற்போல் இருந்தவள்தானே. எனக்கு ஏழிலிருந்து பதினொன்றரை வரை போதும் என்றார்கள். உனக்குப் பன்னிரண்டரைக்கு மேல். ஆளுக்கு ஆள் வேறு. ஆகையால் பக்கத்து வீட்டுக்காரி எத்தனை ஏறினாள், சாம்பிள் ரூமில் ஒருத்தி எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டுக்கொண்டு திரியாதே. இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரேயடியாக அமுக்க வேண்டும் என்றும் இல்லை. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டு, நடுவில் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கை வேர்க்கடலை என்று ஏதாவது வாயில் போட்டுக்கொண்டால் தானே ஏறும். ‘பிறகு சேர்த்து வைத்து’ என்பதெல்லாம் நடக்காது. போன வாரத்துச் சாப்பாட்டை இந்த வாரம் சாப்பிட முடியுமா?

வேலையைப் பற்றி நான் என்ன சொல்ல. உனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். ஆனாலும் மாஸ்டரம்மாவிடம் சொல்லிவிடு. எடை எத்தனை என்று எனக்கு மாதாமாதம் எழுது.

அன்புடன்,
உன் அண்ணி

ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது. கவலையே வேண்டாம். இப்போது ஐம்பத்தொன்று. ஐந்து கிலோ ஏறிவிட்டேன்! நர்ஸ் தட்டிக்கொடுத்தார். காலையில் முட்டை, சாயங்காலம் பால். என் வீட்டுக்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடுதான் வீட்டுக்குள் நுழைகிறார்.

மாஸ்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. போன திங்கட்கிழமைகூட அளந்தார். அதே இருபத்தாறு! “உன்னை மாதிரி ஒரு பொண்ணு எனக்குப் பத்து வருஷமா கெடைக்கல. கல்லுல செதுக்கின மாதிரி நிக்கிறே” என்று எல்லார் எதிரிலும் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணி, சின்ன வயசிலிருந்து என்னை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. படிப்பு வரவில்லை. கைவேலை வரவில்லை. ஒல்லியாக இருப்பது ஒரு திறமை என்று இந்த அறைக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே நான் அசையாமல் நின்றால் எட்டுப் பேர் என்னைச் சுற்றி வேலை செய்கிறார்கள். நான் நகர்ந்தால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

சில சமயம் தலை சுற்றுகிறது. கர்ப்பத்தில் அது சகஜம்தானே? ஸ்டூல் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் மேசையைப் பிடித்துக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர் லைசன்ஸ் வாங்கிவிட்டாரா? பொடிசுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டதா? அவளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
குச்சி

ஜூலை 25

குச்சி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்து கிலோ ஏறியிருக்கிறது, இடுப்பு அதே இருபத்தாறு. ஐந்தாம் மாதம் நடக்கிறது. அந்த ஐந்து கிலோ எங்கே போயிற்று? பையில் போட்டுத் தோளில் மாட்டியிருக்கிறாயா?

பொய் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் இல்லை. நானும் இதே பொய்யைச் சொன்னவள். அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன். எழுதினால் நீ என்னோடு பேசாமல் போகலாம். போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துதான் எழுதுகிறேன்.

அப்போது உனக்குப் பதினேழு வயசு. எனக்கு ஏழாம் மாதம். உன் அண்ணனின் சிநேகிதர்கள் மூன்று பேர் சாப்பிட வந்திருந்தார்கள். நான் சமையலறையிலிருந்து தட்டுகளை எடுத்து வந்தபோது, நீ ஒரு தலையணையை எடுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து என் பின்னாலேயே அசைந்து அசைந்து நடந்து வந்தாய். நான் திரும்பிப் பார்த்தபோது நீயும் நின்று திரும்பிப் பார்த்தாய். “அண்ணா, வாசக்கதவை அகலப்படுத்துங்க. இல்லன்னா அண்ணியை வெளிய எடுக்க முடியாது” என்றாய். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் நடித்தாய்.

அன்றிலிருந்து நான் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். நெஞ்சு கரிக்கிறது என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. மத்தியானமும் பாதிதான் சாப்பிட்டேன். எனக்கு வைத்த முட்டையை எடுத்து உன் தட்டில் போட்டேன். “வளர்ற பொண்ணு, சாப்பிடு” என்றேன். நீயும் சாப்பிட்டாய். டாக்டரம்மா எடை குறைந்திருக்கிறதே என்று கேட்டபோது வாந்தி என்றேன். இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ இறங்கினேன். கண்ணாடியில் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பொடிசு நாள் ஆவதற்கு முன்பே பிறந்தாள். ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பக்கவாட்டில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு அவள் பாதத்தைத் தொடுவேன். என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, “எவ்வளவு பொடிசா இருக்கா!” என்றாய். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

நான் சாப்பிடாததால்தான் அப்படிப் பிறந்தாளா? தெரியாது. சரியாகச் சாப்பிட்டவர்களுக்கும் அப்படிப் பிறக்கிறது. டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது விளக்கியிருப்பார். நான் சொல்லவில்லை, அதனால் கேட்கவும் வழியில்லை. ஏழு வருஷமாகத் தெரியாமலேயே இருக்கிறேன். அவள் ஓடுகிறாள், ஆடுகிறாள், சண்டை போடுகிறாள். ஆனால் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட எனக்கு அந்த முட்டைகள்தான் ஞாபகம் வரும்.

நீ தெரியாமலே இருக்கிற நிலைமைக்கு வரக் கூடாது. நாளைக்கே நர்ஸிடம் போய், என்ன சாப்பிடுகிறாய் என்று உள்ளது உள்ளபடி சொல். தலை சுற்றுவதையும் சொல். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அண்ணி

ஆகஸ்ட் 20

அன்புள்ள குச்சிக்கு,

பதில் இல்லை. போனையும் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். “நல்லா இருக்கா அண்ணி, தூங்குறா” என்கிறார். காலை பதினோரு மணிக்கு, மாலை நாலு மணிக்கு, எப்போது கூப்பிட்டாலும் தூங்குகிறாயா?

கோபமாக இருந்தால் திட்டி நாலு வரி எழுது. எடையை மட்டுமாவது ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடு. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அண்ணி

செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

ஐம்பது. இந்தத் தடவை உண்மை. நர்ஸ் எழுதிய சீட்டையும் உறைக்குள் வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஏழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது பழியைக் கொண்டுவந்து மடியில் போடுகிறார்களே என்று நினைத்தேன். கடிதத்தைக் கசக்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் எறிந்தேன். என் வீட்டுக்காரர் அதை எடுத்து நீவிப் படித்துவிட்டார். “நான் அஞ்சு கிலோ ஏறிட்டேன்னு அவங்களுக்கு எழுதினியா?” என்று கேட்டார். அவரிடமும் நான் அதைத்தான் சொல்லியிருந்தேன். “ஓவர்லோடு மணி அடிக்குதுன்னு சில பேரு மணி ஒயரைப் புடுங்கிவிட்டுடுவாங்க. அப்புறம் லிஃப்ட் நடுவுல நின்னதும் என்னைக் கூப்பிடுவாங்க” என்றார். அவர் அதிகம் பேசினால் சண்டை போடலாம், இப்படி ஒரு வரியில் முடித்தால் என்ன செய்வது?

மறு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாற்பத்தேழு. நர்ஸ் என்னைப் படுக்க வைத்து வயிற்றில் டேப்பை வைத்தார். மாஸ்டரம்மாவின் டேப் என்றால் நான் பழக்கத்தில் மூச்சை உள்ளே இழுப்பேன். அங்கேயும் இழுத்துவிட்டேன் அண்ணி. அவர் என் முகத்தையே பார்த்தார். “மூச்சை விடும்மா. யாருக்காக இழுக்கிறே?” என்றார். விட்டேன். அளந்தார். மறுபடியும் அளந்தார். “இருபத்திரண்டு வாரத்துக்கு வயிறு சின்னதா இருக்கு. ஸ்கேன் பார்த்துடலாம்” என்றார்.

ஸ்கேனுக்கு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயிறு கிள்ளியது. அது பசி என்பதே அப்போதுதான் உறைத்தது. அதுவரை அந்தக் கிள்ளலை ‘சரியாக இருக்கிறோம்’ என்பதற்கு அடையாளமாக வைத்திருந்தேன். உள்ளே இருப்பதும் இப்படித்தான் கிள்ளிக்கொண்டு கிடக்குமோ என்று தோன்றியதும் எழுந்து போய் வாசலில் இரண்டு வாழைப்பழம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன்.

பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் சிறிசு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றார்கள். நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலையில் இரண்டு பிஸ்கட், மத்தியானம் ஒரு பிடிச் சோறு என்று. அவர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினார். “இப்பத்துல இருந்து வாரத்துக்கு அரை கிலோ. அதுக்கு மேல அவசரப்படாதே. போனதைப் பிடிக்க ஓட வேண்டாம், இனிமே நிக்காம நடந்தாப் போதும்” என்றார்.

மறுநாள் மாஸ்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கட்டிப்பிடித்து வாழ்த்துவார் என்று கனவு கண்டேன். “திங்கட்கிழமை அளக்கும்போதும், உடுப்பு மாட்டிப் பார்க்கும்போதும் மூச்சை இழுத்துப் பிடிச்சியா?” என்றார். ஆமாம் என்றேன். “எத்தனை வாரமா?” ஆறு வாரம் என்றேன். அவர் நோட்டைத் திறந்து பின்னோக்கிப் புரட்டினார். அந்த ஆறு வாரத்தில் என் மேல் பார்த்த கால்சட்டைகள் நாலு மாடல். அதில் இரண்டு ஏற்கெனவே வெட்டப் போய்விட்டன. “இனி அதை வாங்குற பொம்பளைங்க உட்கார்ந்தா பட்டன் தெறிக்கும். நீ சாப்பிடாம இருந்தது உன்னோட போகல, பார்த்தியா?” என்றார். வெட்டுவதை நிறுத்தச் சொல்லி ஓடினார்கள். நான் சுவரோரம் நின்றேன். அன்றைக்கு யாரும் என்னைச் சுற்றி நிற்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அவரே வந்தார். “எனக்கும் ரெண்டு பிள்ளை. ரெண்டு தடவையும் இந்த மேசைகிட்டதான் நின்னு வேலை பார்த்தேன். முதல் நாளே சொல்லியிருந்தா வேற வேலை போட்டுக் கொடுத்திருப்பேன். இப்ப என்னால உனக்காகப் பேச முடியாது” என்றார். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை வேறு பெண் வந்துவிட்டாள். நான் வீட்டில் இருக்கிறேன்.

சாப்பிடுவது சுலபமாக இல்லை அண்ணி. தட்டைப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வாய்க்கும் உள்ளுக்குள் ஒருத்தி டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து பேப்பரை சத்தமாகப் படிக்கிறார். ராசிபலன் முதல் டெண்டர் அறிவிப்பு வரை. அதைக் கேட்கும் எரிச்சலில் தட்டு காலியாகிவிடுகிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டேன், எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. தலையணை எனக்கு ஞாபகம் இருந்தது. நல்ல தமாஷ் என்றே ஞாபகம் இருந்தது. இரண்டு மூன்று பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். நீங்கள் என் தட்டில் போட்ட முட்டைகள் ஞாபகமே இல்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. இந்த ஆறு வாரமும் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. கோபம் மூன்றாம் நாளே போய்விட்டது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தையும் எனக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள் அண்ணி.

குச்சி

செப்டம்பர் 22

என் அன்புக் குச்சிக்கு,

சீட்டைப் பார்த்தேன். ஐம்பது என்ற எண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூலில் சம்பந்தமே இல்லாமல் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். உன் வேலை போனதில் எனக்கு வருத்தம் உண்டு. எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள் என்று நீ எழுதிய வரி மனதை விட்டுப் போகவில்லை. அதை ஈடு செய்யும்படி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ‘பரவாயில்லை, விடு’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஜூலையில் அந்தக் கடிதத்தை உன்னைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று நினைத்திருந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, உனக்கு வலிக்கட்டும் என்றும் எழுதினேன். அந்த முட்டையைப் பற்றிய வரியை வேண்டுமென்றே எழுதினேன். ஒரு கர்ப்பிணிக்கு அதை எழுதியிருக்கக் கூடாது. அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று. நீ பதினேழு வயசுப் பெண். உன் அண்ணனுக்கு அன்றைக்கு முப்பது. சிரித்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். ஏழு வருஷமாக நான் உன்மேல் மட்டும் குறை வைத்துக்கொண்டிருந்தது சுலபமாக இருந்ததால்தான். நீ கல்யாணமாகித் தூரமாகப் போய்விட்டாய். உன் அண்ணனோடு நான் தினமும் வாழ வேண்டும்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். பொடிசு விளையாடப் போயிருந்தாள். முழுதும் கேட்டார். வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, “நானும் சிரிச்சேனா?” என்றார்.

“சிரிச்சீங்க.”

“ஏன் அன்னைக்கே என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

ஏதாவது சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அதுக்கும் சிரிச்சிருப்பேன்” என்றார்.

கல்யாணமான பத்து வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே நேர்மையான பேச்சு அதுதான். எனக்கு அழுகை வந்தது, ஆனால் ஏதோ ஒன்று இறங்கினாற்போலவும் இருந்தது.

நவம்பர் கடைசியில் நான் வருகிறேன். பொடிசை அவர் பார்த்துக்கொள்வார். முழுசாக மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன் குச்சி. ஆனால் வருகிறேன். எனக்குத் தனிப் படுக்கையெல்லாம் வேண்டாம், கூடத்தில் ஒரு பாய் போதும். நாள் தவறாமல் சாப்பிடு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படு. உன் வீட்டுக்காரரை ராசிபலனை மட்டும் விட்டுவிடச் சொல், அதில் நல்லதாக ஒன்றுமே வருவதில்லை.

அன்புடன்,
உன் அண்ணி

டிசம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பஸ் ஏறி இரண்டு நாள்தான் ஆகிறது. பாயைச் சுருட்டி வைக்க இவருக்கு மனம் வரவில்லை. பாப்பா மடியில் தூங்குகிறாள். ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நர்ஸ் வந்து பார்த்தார். பிறந்தபோது இரண்டு கிலோ அறுநூறு. இன்றைக்கு இரண்டு எண்ணூற்று ஐம்பது. “நீ பத்து கிலோதான் ஏறினே. பன்னெண்டரை சொன்னேன். இன்னும் ரெண்டரை எனக்குப் பாக்கி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, “ஆனா அந்த நாற்பத்தேழுல இருந்து இங்க வந்ததுக்கு உன்னைப் பாராட்டணும்” என்றார். எனக்கு மாஸ்டரம்மா பாராட்டியதைவிட அது இனித்தது என்று எழுத ஆசை. உண்மையைச் சொன்னால், அதுவும் இதுவும் ஒரே அளவுதான். இன்னும் அந்த மேசையைக் கனவில் பார்க்கிறேன்.

நீங்கள் இருந்த பதினெட்டு நாளும் அந்தப் பழைய விஷயத்தை நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. தினமும் எடுக்கலாம் என்று நினைப்பேன். நீங்கள் பாப்பாவின் துணியை மடித்துக்கொண்டிருப்பீர்கள். வாயைத் திறப்பேன், “உப்பு போதுமா?” என்று கேட்டுவிடுவேன். நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு என்னையே பார்த்தபடி நின்றீர்கள். பிறகு, “ஜன்னலைச் சாத்தவா?” என்றீர்கள். சாத்தவே இல்லை.

முழுசாக மன்னித்துவிட்டீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. இது கணக்கு வைத்து முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “சனிக்கிழமை போன் பண்றேன். ஸ்பீக்கர் போட மாட்டேன்” என்றீர்கள். நீங்கள் சொல்ல வந்ததை நான் கேட்டுவிட்டேன் அண்ணி. அதற்கு மேல் வேண்டாம்.

நேற்றுக் குளிக்கும்போது என் வயிற்றைப் பார்த்தேன். தளர்ந்து மடிந்து கிடக்கிறது, கோடு கோடாக. முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு மறுபடியும் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அது எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பழகிக்கொள்ளலாம்.

பால் நன்றாக இருக்கிறது. இவள் குடிக்கிற வேகத்துக்கு எனக்கு ஒரு மணிக்கொரு தடவை வயிறு காலியாகிவிடுகிறது. இப்போதுகூடப் பாருங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போதே பசிக்கிறது. சோறும் பருப்பும் அடுப்படியில் இருக்கிறது, இரண்டு முட்டையும். இவளைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன்.

உங்கள்
குச்சி